கிளச் இல்லாத வானும் நாம் வாசிக்காத கைநூலும்

குறிஞ்சிப்பிட்டியில் ஒரு வீட்டு வாசலில் வான் நிற்கிறதென்றால், அது அவ்வீட்டாருக்கு மட்டும் உரியதன்று. கலியாணத்துக்கும் மையித்து வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதுவே ஓடும். எங்கள் வீட்டு வானும் அவ்வாறே ஓடியது. சென்ற நோன்பு மாதத்து இரவொன்று வரையில்.

உம்மாவுக்கு மூச்சுத் திணறல். புத்தளத்தை நோக்கி விரைந்தோம். நுரைச்சோலையைத் தாண்டியதும் எஞ்சின் இரைந்ததே தவிர வான் நகர மறுத்தது. வழியில் வந்த மீன் லொறிக்காரர் ஒருவர் உம்மாவை ஏற்றிச் சென்றிராவிட்டால் என்னவாகியிருக்கும் என எண்ணவே அஞ்சுகிறேன்.

மறுநாள் வானைக் கயிறு கட்டிப் பாலாவி வரை இழுத்துச் சென்றோம். அது இரண்டாவது தவறு என்பதைப் பின்னரே அறிந்தேன். ஓட்டோ கியரில் ஒயிலைச் சுழற்றும் பம்ப் எஞ்சினால் இயங்குவது. எஞ்சின் நிற்க, உந்து சக்கரங்கள் தரையில் உருண்டால், உள்ளுறுப்புகள் ஒயிலின்றித் தேயும்.

அனுபவமுள்ள பாஸ் ஒருவர் அளவுக்கோலை உருவிக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டிய ஒயில் கறுத்துக் கருகல் மணம் வீசியது. கிளச் மிதி இல்லாத இவ்வகை வானில், எஞ்சினின் சுழற்சியைக் கியருக்குக் கடத்துவதும், உள்ளிருக்கும் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும், சூட்டைத் தணிப்பதும் அந்த ஒயிலே. அது கெட்டால் தட்டுகள் வழுக்கும், வழுக்கினால் சூடேறும், சூடேறினால் ஒயில் மேலும் கெடும். சிவப்பான ஒயில்கள் யாவும் ஒன்றல்ல என்பதையும், சீவிரி வகைக் கியருக்கு முற்றிலும் வேறு ஒயில் என்பதையும் எத்தனை பேர் அறிவோம்?

அறியாமை எங்களுடையதே. ஆனால் அறிந்துகொள்ள வழி இருந்ததா? வானோடு வந்த கைநூல் முழுவதும் ஜப்பானிய மொழியில் இருந்தது. இருபது ஆண்டுகளாக அது முன்பெட்டியில் கிடந்தும் எவராலும் வாசிக்க முடியவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கும் வரை, இப்படிப்பட்ட பழைய வான்களையே நாடு தேய்த்து ஓட்டியது. இப்போது மீண்டும் ஜப்பானிலிருந்து பாவித்த வாகனங்கள் இறங்குகின்றன.

எனவே என் கோரிக்கை சிறியது. விற்பவர் ஒவ்வொரு வாகனத்தோடும் சிங்களத்திலும் தமிழிலும் ஒரேயொரு பக்கம் தரட்டும்: எந்த ஒயில், எப்போது மாற்றுவது, பழுதானால் எப்படி இழுப்பது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு, பொருள்களின் விவரத்துண்டுகள் குறித்து வணிகர்களுக்குப் பணிப்புரை விடுக்கும் அதிகாரம் உண்டு. பிஸ்கட் பைக்கற்றுக்குக் கிடைக்கும் அக்கறை இலட்சங்கள் பெறுமதியான வானுக்கும் கிடைக்கலாகாதா?

அதுவரை, வாசகர்களே, நாளைக் காலையில் உங்கள் வானின் ஒயிலை ஒருமுறை பார்த்துவிடுங்கள். எல்லா இரவுகளிலும் மீன் லொறி வருவதில்லை.