பைலட் வேலைக்குப் போகிறவர் எதற்குத் தயாராக வேண்டும்?

மதுரைக்கு மேற்கே, சமணர் மலை அடிவாரத்தில் இருக்கிறது கீழக்குயில்குடி. வானத்தில் விமானம் போனால் அண்ணாந்து பார்க்காத சிறுவர் எந்த ஊரிலும் இல்லை. இந்த ஊரிலும் இல்லை.

"நான் பெரியவனானதும் விமானம் ஓட்டுவேன்" என்று பிள்ளை சொன்னால், பெற்றோர் சிரிக்க வேண்டாம். அது நடக்கக்கூடிய காரியம்தான்!

ஆள் தேவை

2023-ம் ஆண்டில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. இண்டிகோ 500 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. இவை பல ஆண்டுகளில் வந்து சேரும். ஒவ்வொன்றையும் ஓட்ட இரண்டு விமானிகள் வேண்டும். அவர்கள் ஓய்வெடுக்கும்போது ஓட்ட வேறு ஆட்களும் வேண்டும்.

பெண்களுக்கும் இதில் இடம் உண்டு. இந்திய விமானிகளில் 100-க்குச் சுமார் 15 பேர் பெண்கள்.

நிலத்தை விற்கும் முன்...

வேலைக்கான லைசென்சு பெற 18 வயது நிரம்ப வேண்டும். 200 மணி நேரம் பறந்து பழக வேண்டும். பிளஸ்-2 வகுப்பில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும் என்பது நெடுநாளைய விதி. பயிற்சிச் செலவோ அரைக் கோடி ரூபாய்க்கு மேல் ஆகும்.

ஆகவே நிலத்தை விற்றுப் பணம் கட்டும் முன், மருத்துவப் பரிசோதனையை முடித்துக்கொள்வதே புத்திசாலித்தனம். கண்ணாடி போடுவது தடை அல்ல. ஆனால் நிறங்களைச் சரியாகப் பிரித்து அறியும் பார்வை வேண்டும்.

லைசென்சு கிடைத்தால் மட்டும் வேலை கிடைத்துவிடாது. விமானக் கம்பெனியின் எழுத்துத் தேர்வு, நேர்முகத் தேர்வு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

583 பேர் பலி

நேர்முகத் தேர்வில் பாடக் கேள்விகளோடு இன்னொன்றும் கேட்பார்கள். "தலைமை விமானி தவறு செய்தால் நீ என்ன செய்வாய்?"

இதற்குக் காரணம் உண்டு. 1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான டெனரீப் தீவில் கடும் மூடுபனி. ஓடுபாதையில் ஒரு விமானம் இன்னும் விலகவில்லை. அனுமதி கிடைக்கும் முன்பே இன்னொரு விமானத்தின் தலைமை விமானி புறப்பட்டுவிட்டார். "அந்த விமானம் விலகிவிட்டதா?" என்று உடன் இருந்த என்ஜினீயர் கேட்டார். "விலகிவிட்டது" என்று சொல்லித் தலைமை விமானி நிற்காமல் ஓட்டினார். இரண்டும் மோதின. 583 பேர் மாண்டார்கள்!

அதன் பிறகு விமானிகளின் பயிற்சியே மாறியது. பெரியவர் தவறினால் சிறியவர் தயங்காமல் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் மறுபடியும் சொல்ல வேண்டும். பெரியவரும் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

நம் வீடுகளில் "பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே" என்று பிள்ளைகளை வளர்க்கிறோம். மரியாதை வேண்டியதுதான். ஆனால் "அப்பா, கணக்கு தப்பு" என்று மகள் பணிவோடு சொன்னால் அதட்டக் கூடாது. கணக்கைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

பணம் செலவில்லாத விமானிப் பயிற்சி அதுதான். அதை இன்றே வீட்டில் தொடங்கலாம்.