"ஸ்கேன் பண்ணி வெச்சேனே... எங்கே போச்சு?"

போன மாதம் ஒரு நாள் இரவு பத்து மணி. தங்கையின் கல்லூரி விண்ணப்பத்தில் சாதிச் சான்றிதழை அப்லோடு செய்ய வேண்டும். மறுநாள் கடைசி நாள். "அதெல்லாம் ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்லதான் வெச்சிருக்கேன்" என்றார் அப்பா. கம்ப்யூட்டரில் எங்கே என்று கேட்டால் அவருக்கே தெரியவில்லை. டெஸ்க்டாப் முழுக்க 'நியூ ஃபோல்டர்', 'நியூ ஃபோல்டர் (2)', 'நியூ ஃபோல்டர் (3)'. உள்ளே 'ஸ்கேன் 0007', 'ஸ்கேன் 0008' என்று வரிசையாக ஃபைல்கள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, சான்றிதழைக் கண்டுபிடித்தபோது மணி பன்னிரண்டரை.

எங்கள் வீடு முடிச்சூரில். ஸ்கேன் செய்யும் பழக்கம் எங்கள் பக்கம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கிய மழை, தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. கொட்டியது. அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் புகுந்தது. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த பத்திரம், மார்க் ஷீட், ரேஷன் கார்டு எல்லாம் பல வீடுகளில் கூழாகிப்போயின. தொலைந்த ஆவணங்களைத் திரும்பக் கொடுக்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் இதே பகுதியில் தண்ணீர் நின்றது.

அதனால் ஸ்கேன் செய்துவிட்டோம். ஆனால், தேவைப்படும் நேரத்தில் கைக்கு வராத ஃபைல், தண்ணீரில் போன காகிதத்துக்குச் சமம்தானே? விண்டோஸ் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு, அடிப்படையிலிருந்து சில வழிகள் இதோ...

முதலில் தேடுவோம்

கீபோர்டில் விண்டோஸ் பட்டனையும் ஆங்கில 'ஈ' எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரர் திறக்கும். இடது பக்கம் 'டவுன்லோட்ஸ்' என்று இருப்பதை க்ளிக் செய்யுங்கள். இன்டர்நெட்டிலிருந்து இறக்கிய வில்லங்கச் சான்று, வருமானச் சான்று போன்றவை பெரும்பாலும் இங்கேதான் தூங்கிக்கொண்டிருக்கும். அங்கே இல்லையென்றால், 'திஸ் பி.சி.'யை க்ளிக் செய்துவிட்டு, வலது மேல்மூலையில் உள்ள தேடல் கட்டத்தில் ஸ்டார் குறி, ஒரு புள்ளி, பி.டி.எஃப். என்று ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் டைப் செய்யுங்கள். கம்ப்யூட்டரில் உள்ள பி.டி.எஃப்.கள் வரிசைகட்டி வரும். கொஞ்சம் நேரம் எடுக்கும், பொறுமை அவசியம். படமாக ஸ்கேன் செய்திருந்தால், பி.டி.எஃப். என்பதற்குப் பதில் ஜே.பி.ஜி. என்று போடுங்கள். 'வியூ' மெனுவில் 'லார்ஜ் ஐகான்ஸ்' வைத்தால், படங்களைத் திறக்காமலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

பெயர்தான் எல்லாம்

'பட்டா' என்று தேடினால் ஏன் வருவதில்லை? ஸ்கேன் என்பது பொதுவாக ஒரு போட்டோ மாதிரிதான். அதற்குள் இருக்கும் எழுத்தை கம்ப்யூட்டர் படித்துத் தேடும் என்று நம்ப முடியாது. நாம் வைத்த பெயரைத்தான் அது தேடும். எனவே ஃபைலை ஒருமுறை க்ளிக் செய்து, எஃப் 2 பட்டனை அழுத்தி, புதுப் பெயர் வையுங்கள். யாருடையது, என்ன ஆவணம், எந்த வருடம் என்ற மூன்றும் இருந்தால் போதும். 'அம்மா - பான் கார்டு - 2019' என்பது மாதிரி. தேதி போடும்போது சாய்வுக்கோடு வேண்டாம். விண்டோஸ் அதை ஏற்காது, சின்னக் கோடு போடுங்கள். தமிழிலும் பெயர் வைக்கலாம். விண்ணப்பங்களில் அப்லோடு செய்யும் ஃபைல்களுக்கு மட்டும் ஆங்கிலப் பெயரே நல்லது. சில இணையதளங்கள் தமிழ்ப் பெயரை ஏற்காமல் அடம்பிடிக்கும்.

ஒரே ஒரு பீரோ

'வீட்டு ஆவணங்கள்' என்று ஒரு ஃபோல்டர் திறங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், 'என்' மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புது ஃபோல்டர் தயார். அதற்குள் அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று ஆளுக்கு ஒன்று, வீடு - மனைக்கு ஒன்று. அவ்வளவுதான். அதற்குள் இன்னும் பத்து ஃபோல்டர் போட்டால், பழைய குழப்பம் திரும்ப வந்துவிடும். ஃபைல்களை இங்கே கொண்டுவர, காப்பி செய்யாமல் கட் செய்து பேஸ்ட் செய்யுங்கள். காப்பி செய்தால் ஒரே சான்றிதழ் நாலு இடத்தில் கிடக்கும்.

இன்னொரு நகல் எங்கே?

டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் வழக்கமாக 'சி' டிரைவில்தான் இருக்கும். கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்யும்போது அதில் உள்ளவை அழிந்துபோகும். ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் இந்த ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் காப்பி செய்துவிடுங்கள். பென் டிரைவிலிருந்து டெலீட் செய்தது பொதுவாக ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, கவனம்.

அந்தப் பென் டிரைவை கம்ப்யூட்டர் மேஜையிலேயே வைக்காதீர்கள். வெள்ளம் வந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். நம்பிக்கையான உறவினர் வீட்டில், முடிந்தால் வேறு ஏரியாவில், ஒரு நகல் இருக்கட்டும். மத்திய அரசின் டிஜிலாக்கரும் கைகொடுக்கும். டிரைவிங் லைசென்ஸ் போல, வழங்கிய துறையிடமிருந்தே நேரடியாக அதில் வரும் ஆவணங்கள் சட்டப்படி அசலுக்கு இணை. நாமே ஸ்கேன் செய்து ஏற்றியவை வெறும் நகல்தான். எனவே அசலை பீரோவின் மேல்தட்டுக்கு மாற்றிவிடுங்கள்!

எங்கள் வீட்டில் அத்தனைக்கும் பெயர் வைத்து முடிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. போன வாரம் சொத்து வரி ரசீது தேவைப்பட்டது. அப்பா என்னைக் கூப்பிடவே இல்லை. அவரே தேடி, பிரின்ட் எடுத்து, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

நீங்களும் இந்த ஞாயிற்றுக்கிழமை பத்தே பத்து ஃபைல்களுக்குப் பெயர் வைத்துப் பாருங்கள். மீதியை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.