500 குதிரைகளை எந்த வரம்பில் கட்டுவது?

“ஹைலக்ஸ் எஞ்சினுக்குள் கொம்பனி பூட்டி வைத்திருக்கும் பலத்தைத் திறந்துவிடுவோம்” என்று சென்ற இதழில் முழங்கிய அன்பர், கண்டாவளைப் பக்கம் பிக்கப் வைத்திருக்கும் கமக்காரருக்கு நான்கு மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்: பெரிய டேர்போ, சிப் பெட்டி, திறந்த சைலன்சர், கூம்பு எயார் பில்டர். நோய் என்ன என்று மட்டும் ஓரிடத்திலும் கேட்கவில்லை.

அவருடைய வாதத்தில் வலுவானது ஒன்றுதான். முதலில் அதையே எடுக்கிறேன். டொயோட்டா ஹைலக்ஸின் 2.8 லீற்றர் டீசல் எஞ்சின் 2015 இல் 177 குதிரைவலுவோடு வந்தது. 2020 இல் அதே எஞ்சின் 204 ஆகியது. ஆகவே 27 குதிரைவலுவைக் கொம்பனி ஐந்து வருடம் ஒளித்து வைத்திருந்ததாம். டேர்போவை மாற்றினால் அதையும் அதற்கு மேலும் எடுக்கலாமாம்.

2020 இல் டேர்போ மாறியது உண்மை. அதோடு சிலிண்டர் புளொக்கும் மாறியது. பிஸ்டன், பிஸ்டன் றிங், எக்ஸோஸ் மனிபோல்ட் எல்லாம் மாறின. எரிபொருள் செலுத்தும் தொகுதியும் குளிரூட்டலும் திருத்தப்பட்டன. 27 குதிரைவலுவைத் தாங்கவைக்க டொயோட்டா இத்தனையிலும் கைவைத்தது. அன்பர் பஞ்சிகாவத்தையில் கழற்றி விற்கும் ஒரு டேர்போவை வாங்கிப் பூட்டி, பிஸ்டனைத் தொடாமல், 100 கூட்டித் தருகிறார். அவர் கொண்டுவந்த ஆதாரமே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

அடுத்தது அமெரிக்கா. அங்கே பிக்கப் 500 குதிரைவலுவில் ஓடுகிறதே, இங்கே ஏன் கூடாது என்று கேட்கிறார். 2023 இன் போர்ட் சூப்பர் டியூட்டி கொம்பனியிலிருந்தே 500 குதிரைவலுவோடு வந்தது சரி. அதன் எஞ்சின் 6.7 லீற்றர், எட்டுச் சிலிண்டர். வகுத்துப் பார்த்தால் லீற்றருக்கு ஏறத்தாழ 75 குதிரைவலு. 204 குதிரைவலு ஹைலக்ஸிலும் லீற்றருக்கு 73 வருகிறது. அதாவது அன்பர் வாய் பிளந்து பார்க்கும் அந்த அமெரிக்க எஞ்சின் எவ்வளவு பிழியப்பட்டிருக்கிறதோ, ஏறக்குறைய அவ்வளவு நம் முற்றத்தில் நிற்கும் எஞ்சினும் பிழியப்பட்டாயிற்று. பூட்டி வைத்த அறை எதுவும் அங்கே இல்லை.

அமெரிக்கக் கதையின் மறுபாதியை அவர் ஏனோ எழுதவில்லை. அந்நாட்டுச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2020 இல் வெளியிட்ட அறிக்கைப்படி, பத்து வருடத்தில் 550,000 க்கு மேற்பட்ட டீசல் பிக்கப்களில் புகையைக் கட்டுப்படுத்தும் கருவிகள் முடக்கப்பட்டன. 2023 டிசம்பரில் கமின்ஸ் கொம்பனி, றாம் பிக்கப்களின் எஞ்சினில் புகைச் சோதனையை ஏய்க்கும் ஏற்பாடு செய்ததாக எழுந்த வழக்கில் 1.675 பில்லியன் டொலர் தண்டம் கட்ட ஒத்துக்கொண்டது. முன்மாதிரி காட்டுவதென்றால் முழுவதையும் காட்டவேண்டும்.

டேர்போ என்ன செய்கிறது என்பதிலேயே அவருக்குத் தெளிவில்லை. டேர்போ பலத்தை உண்டாக்குவதில்லை, காற்றைத் திணிக்கிறது. பலம் டீசலிலிருந்து வருகிறது. காற்றைக் கூட்டி டீசலைக் கூட்டாவிட்டால் பெரிதாக ஒன்றும் நடக்காது. டீசலைக் கூட்டி அதற்கேற்ற காற்று இல்லாவிட்டால் கரும்புகை வரும், எக்ஸோஸ் வெப்பம் ஏறும், அலுமினியப் பிஸ்டனின் தலை வெடிக்கும். சிப் பெட்டிகளில் பெரும்பாலானவை எஞ்சின் கொம்பியூட்டருக்குப் பொய் சொல்லும் பெட்டிகள். டீசல் அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று அதை நம்பவைத்து, அழுத்தத்தை ஏற்றுவிக்கின்றன. இந்தப் பெட்டியையும் பெரிய டேர்போவையும் சேர்த்துப் பூட்டுகிறவர் முதலில் எக்ஸோஸ் வெப்பமானி பூட்டவேண்டும். அன்பரின் பட்டியலில் அது இல்லை.

இனிக் கண்டாவளைக்கு வருவோம். காலபோக வெட்டு நேரம், முரசுமோட்டையிலோ ஊரியானிலோ நெல் மூடை ஏற்றி வாய்க்கால் கரையால் வெளியே வரும் பிக்கப் எந்தச் சுற்றில் ஓடுகிறது? 1,500 க்கும் 2,500 க்கும் இடையில். முதல் கியர், இரண்டாம் கியர், ஈர மண், பின்னால் பாரம். அந்த இடத்தில்தான் இழுவை வேண்டும். பழைய 3.0 லீற்றர் ஹைலக்ஸின் டேர்போவில், சுற்றுக்கு ஏற்றபடி உள் இறகுகள் கோணம் மாறும். அதனால்தான் அந்த எஞ்சின் 1,400 சுற்றிலேயே தன் முழு 343 நியூட்டன் மீற்றர் இழுவையையும் தருகிறது. அதைக் கழற்றிவிட்டு இறகு மாறாத பெரிய டேர்போ போடச் சொல்கிறார் அன்பர். பெரிய சில்லு சுழல நிறைய எக்ஸோஸ் வாயு வேண்டும். கீழ்ச் சுற்றில் அது கிடையாது. மேற்சுற்றுக்குப் போனபிறகே அந்த டேர்போ விழிக்கும். ஏ35 வீதியில் பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு வெறும் வண்டியாகப் பறக்கிறவருக்கு அது இனிக்கலாம். வரம்பில் புதைந்து நிற்கிறவருக்கு, இருந்த இழுவையும் போய்விடும்.

இன்னொன்று, கராஜ்காரர் பலருக்குத் தெரிந்தது. அந்த 3.0 லீற்றர் எஞ்சினில் டேர்போ செத்தால் குற்றவாளி பெரும்பாலும் டேர்போ அல்ல. இன்ஜெக்டரின் அடியில் இருக்கும் செப்பு வளையம் தேய்ந்து வாயு கசியும். கரி ஒயிலில் கலக்கும். ஒயில் தார்போலத் தடித்து, சம்பில் உள்ள வடியை அடைக்கும். நிமிடத்துக்கு லட்சம் தடவைக்கு மேல் சுழலும் டேர்போத் தண்டு ஒரு மெல்லிய ஒயில் படலத்தில்தான் மிதக்கிறது. ஒயில் வராவிட்டால் அது சாகும், பின்னால் எஞ்சின் பெயாரிங்கும் சாகும். இப்படிச் செத்த டேர்போவின் இடத்தில் பெரியதைப் பூட்டினால் அதுவும் அதே வழியில் போகும், விலை மட்டும் கூட. வடியைக் கழற்றிப் பார் என்று ஒரு சொல், மூன்று பக்கக் கட்டுரையில் இல்லை.

டேர்போ இல்லாத பழைய 3.0 லீற்றர் எஞ்சினுக்கும் டேர்போ பூட்டலாம் என்று போகிறபோக்கில் சொல்லியிருக்கிறார். அதன் அமுக்க விகிதம் 22 க்கும் மேல். அதில் மேலும் காற்றைத் திணித்தால் என்ன ஆகும் என்பதை யாராவது ஹெட் கஸ்கட்டிடம் கேட்கட்டும்.

கூம்பு பில்டருக்கு அதிகம் எழுதத் தேவையில்லை. கிரவல் தூசியும் வைக்கோல் தூசியும் பறக்கும் ஊரில், டேர்போ இறகைத் தூசி அரிக்கும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்தபோது கண்டாவளையில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று ஊரவருக்குத் தெரியும். கொம்பனி உயரத்தில் வைத்த காற்று வாயைக் கூம்பு பில்டருக்காகக் கீழே இறக்கினால், எஞ்சின் தண்ணீரைக் குடித்துக் கொன்றொட்டை வளைக்கும்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. வரியோடு சேர்த்துப் புது பிக்கப்பின் விலையைக் கேட்டுவிட்டு, இருப்பதை எரிக்கலாமா என்று யோசிக்கவேண்டும். வருமான அனுமதிப்பத்திரத்துக்கு வருடந்தோறும் புகைச் சான்றிதழ் வேண்டும். காப்புறுதிக் கொம்பனிக்குச் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்தன்று இழப்பீட்டை மறுக்க அவர்கள் கையில் நாமே கொடுக்கும் காரணம்.

பிக்கப்பில் காசு போட விரும்புகிறவர் இன்ஜெக்டரைச் சோதித்து வளையங்களை மாற்றட்டும். வடியைக் கழுவட்டும். இன்டர்கூலர் குழாய்களில் வெடிப்பு உண்டா என்று பார்க்கட்டும்; பலம் குறைந்தது என்று வரும் வண்டிகளில் கணிசமானவற்றின் நோய் அங்கேதான். ரேடியேட்டர், கிளச், மண்ணுக்கேற்ற ரயர். டேர்போ தேய்ந்திருந்தால் அதே அளவில், அதே வகையில் மாற்றட்டும். இத்தனைக்கும் பிறகும் இழுவை போதாது என்றால், அந்தப் பாரம் பிக்கப்புக்கு உரியதல்ல, உழவு இயந்திரப் பெட்டிக்கு உரியது. எத்தனை குதிரைவலு கூட்டினாலும் பின்சில்லின் பிரேக்கும் வில்தகடும் ஏறத்தாழ ஒரு தொன்னுக்கு மேல் ஏற்கப்போவதில்லை. அன்பர் தன் அடுத்த கட்டுரையில் பிரேக்கைப் பற்றி என்ன எழுதுகிறார் என்று பார்ப்போம்.