கிளினிக் நாளுக்கும் பேர் வேண்டும்

எங்கள் டிவிஷனில் ஓர் அக்காவுக்குப் போன வருடம் வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது. இருபத்தெட்டு வருடம் கொழுந்து எடுத்தவர். கவ்வாத்து வெட்டிய மலை வழியாக நடக்கும்போது ஒரு குச்சி உள்ளங்காலில் குத்தியது. அவருக்கு வலிக்கவில்லை. வலிக்காததால் அவர் அதைப் பார்க்கவும் இல்லை. செருப்பில் ஈரம் தெரிந்த பிறகு மஞ்சளும் எண்ணெயும் வைத்துக் கட்டிக்கொண்டு பத்து நாள் வேலைக்குப் போனார். ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று கேட்டோம். "போனா அன்னைக்கிப் பேரு இல்ல டீச்சர். பஸ் காசும் நம்ம கையில இருந்துதான்" என்றார்.

அவர் காலைக் கெடுத்தது சீனி வியாதி. அதற்குத் துணை நின்றது அந்த ஒரு நாள் பேர்.

இரத்தத்தில் சீனி பல வருடம் கூடுதலாக நின்றால் நரம்புகளும் சின்னச் சின்ன இரத்தக் குழாய்களும் கெட்டுப்போகின்றன. உடம்பில் மிகத் தூரத்தில் இருப்பது கால் என்பதால் அங்கேதான் முதலில் மரத்துப் போகிறது. பஞ்சில் நடப்பது போல இருக்கும், எரிவு இருக்கும், பிறகு ஒன்றுமே தெரியாது. அட்டை கடித்தாலும் முள் ஏறினாலும் தெரியாது. நமது பக்கத்துக் குளிரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வேலை முடிந்து வந்து அடுப்பங்கரையில் கால் காய்வது நமக்குப் பழக்கம். மரத்த காலுக்குச் சூடு தெரியாது. கால் காயப் போய்க் கொப்புளத்தோடு எழுந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். சீனி இருப்பவர்கள் கம்பளிக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள், அடுப்பை விட்டுத் தள்ளி உட்காருங்கள். சுடுதண்ணீரை முதலில் முழங்கையால் தொட்டுப் பாருங்கள்.

இந்த நாட்டில் தோட்டத் தொழிலாளியின் வைத்தியத்துக்கென்று 1912இலேயே மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. 1916இல் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கியது. அந்தப் புழு ஏறிய வழியும் வெறுங்கால்தான். நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் மழை நாளில் மலைக்குப் போய்ப் பாருங்கள், எத்தனை பேர் காலில் ஒழுங்கான சப்பாத்து இருக்கிறது? ரப்பர் செருப்புத்தான், அதுவும் சரிவில் வழுக்குகிறது என்று கழற்றி வைத்துவிட்டு நிற்பார்கள். கூடைக்கும் படங்குக்கும் கணக்குப் பார்க்கும் நிர்வாகம் காலுக்கும் கணக்குப் பார்க்கட்டும்.

"இது பணக்கார வியாதி, நாள் முழுக்க மலை ஏறும் நமக்கு வராது" என்று நம்மவர்களே சொல்வதை இன்னும் கேட்கிறோம். உலகத்தில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்த வியாதி இருக்கிறது. ஏழை பணக்காரன் என்ற வித்தியாசத்தை அது பார்ப்பதில்லை. நாம் சாப்பிடுவதை எண்ணிப் பார்ப்போம். காலையில் ரொட்டி, பகலுக்கும் ரொட்டி, இரவில் ஒரு தட்டுச் சோறு, இடையில் நாலைந்து தரம் சீனித் தேத்தண்ணி. ஒரு காலத்தில் தோட்டமே அரிசியும் மாவும் கொடுத்துச் சம்பளத்தில் கழித்தது. அந்தச் சாப்பாடு அப்படியே பழகிப்போனது. மரக்கறி விளையும் மாவட்டத்தில் இருந்துகொண்டு மரக்கறி வாங்கக் காசில்லாமல் நிற்கிறோம். ஆகவே "சத்துணவு சாப்பிடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகும் உபதேசத்தில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை.

ஆனால் நம் கையில் ஒன்றுமே இல்லை என்பதும் சரியல்ல. மூன்று ரொட்டியை இரண்டாக்கி, பக்கத்தில் அவித்த கடலையோ கௌபியோ வைத்துக்கொள்ளலாம். லயத்தோரத்தில் வல்லாரையும் பொன்னாங்காணியும் சும்மா முளைக்கின்றன. குரக்கன் என்றால் எவ்வளவும் தின்னலாம், சீனிக்குப் பதிலாகக் கருப்பட்டி கடிக்கலாம் என்பது இரண்டும் பிழை. குரக்கனும் அளவோடுதான். கருப்பட்டியும் சீனிதான். தேத்தண்ணியை வெறுமனே குடித்துப் பழகுங்கள். நமக்குக் கிடைக்கும் தூளை வெறுமனே குடிக்க முடியாது என்று யாராவது சொன்னால் அதற்கு எங்களிடம் பதில் இல்லை!

மாத்திரை பற்றியும் சொல்ல வேண்டும். "மாத்திரை கிட்னியைத் தின்றுவிடும்" என்று கிளினிக்கில் கொடுத்ததை டப்பாவில் போட்டு வைத்திருப்பவர்கள் எல்லா லயத்திலும் இருக்கிறார்கள். சிறுநீரகத்தைக் கெடுப்பது அடங்காத சீனியும் அடங்காத பிரஷரும்தான். அது கடைசி வரை சத்தமில்லாமல் கெடும். கால் வீங்கி, மூச்சு வாங்கிப் போகும்போது டயலிசிஸ் என்கிறார்கள். கண்ணும் அப்படியே. விழித்திரையில் கசிவு வந்த பிறகும் கொஞ்ச நாள் பார்வை நன்றாக இருக்கும். அதனால் பார்வை மங்கும் வரை காத்திருக்காமல் வருடத்துக்கு ஒரு தரம் கண்ணையும் சிறுநீரையும் சோதிக்கக் கேளுங்கள். மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் இவர்களுக்கே ஆபத்து அதிகம். சிலருக்கு நெஞ்சு வலி கூடத் தெரியாது. பீடியும் வெற்றிலையில் வைக்கும் புகையிலையும் அந்த ஆபத்தைக் கூட்டும். சீனி உள்ளவருக்குச் சயரோகமும் இலகுவில் தொற்றும். ஒரு காம்பிராவில் ஏழெட்டுப் பேர் படுக்கும் நமக்கு அது சின்ன விஷயமில்லை. இருமல் இரண்டு வாரம் தாண்டினால் சளியைச் சோதியுங்கள்.

மலையில் நடக்கும் இன்னொன்று. மாத்திரை போட்டோ ஊசி குத்தியோ வந்தவர், சாப்பாடு பிந்தினால் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறலாம். சீனி இறங்கிவிட்டது என்று அர்த்தம். குடித்திருக்கிறார் என்று ஒதுக்கிவிடாதீர்கள். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் 1990க்கு அழையுங்கள். உண்மையில் குடித்திருந்தாலும் இதே ஆபத்து உண்டு. மாத்திரையும் சாராயமும் வெறும் வயிறும் சேர்ந்தால் சீனி திடீரென்று இறங்கும்.

பெண்களுக்கு இதில் இரட்டைக் கஷ்டம். சீனி கூடினால் அடிக்கடி சிறுநீர் வரும். மலையில் மறைவு இல்லை. அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள், அதில் சிறுநீர்த் தொற்று வருகிறது. இதை வெளியே சொல்ல வெட்கப்படுகிறார்கள். வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள் அல்ல.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். மாதத்தில் கிளினிக் போகும் நாளுக்கு, கொப்பியில் முத்திரை இருந்தால், முழுப் பேர் போட வேண்டும். கூட்டு ஒப்பந்தமோ சம்பளச் சபையோ, பேச்சு எங்கே நடந்தாலும் இது நாட்சம்பளத்துக்குப் பக்கத்தில் வைக்கப்பட வேண்டிய கோரிக்கை. தோட்டத்து மருந்துக் காம்பிராவில் விரலில் குத்திச் சீனி பார்க்கும் கருவியும் அதற்கான பட்டைகளும் இருக்க வேண்டும். மலைக்கு மலசலகூடம், காலுக்குச் சப்பாத்து, பகல் சாப்பாடு நேரத்துக்கு. இவற்றைச் சலுகை என்று யாரும் பேச வேண்டாம். "சம்பளமே ஒழுங்காகக் கிடைக்கவில்லை, இதில் கிளினிக்கா?" என்று தலைவர்மார் சிலர் கேட்கிறார்கள். கால் போனவருக்குச் சம்பளம் உயர்ந்து என்ன பயன் என்றுதான் நாங்கள் திருப்பிக் கேட்கிறோம்.

பிள்ளைகளை ஏன் சேர்க்கக் கூடாது என்று பாடசாலையில் முயன்று பார்த்தோம். கிளினிக் கொப்பியில் இருப்பது பெரும்பாலும் அம்மா அப்பா வாசிக்க முடியாத மொழி. தரம் எட்டுப் பிள்ளைகளுக்கு மாத்திரை உறையை வாசிக்கவும், வெறும் வயிற்றில் 126க்கு மேல் என்றால் என்ன என்றும் சொல்லிக் கொடுத்தோம். இரவில் போன் வெளிச்சத்தில் அம்மாவின் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பார்ப்பது அவர்களின் வீட்டு வேலை. இரண்டாம் வாரம் ஒரு பையன் வந்து, "அம்மா கால்ல ஆணி இருக்கு டீச்சர், அவங்களுக்கே தெரியல" என்றான். அந்த அம்மா மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனார். கால் இருக்கிறது. அன்றைய பேர் மட்டும் போனது.

வரும் மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு தோட்டத் தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் தங்கள் டிவிஷனில் கிளினிக் கொப்பி வைத்திருப்பவர்களின் தொகையைக் கொண்டு வரட்டும். பெயர் வேண்டாம், தொகை போதும். கிளினிக்குக்குப் போனதால் இந்த வருடம் எத்தனை பேர் இழந்தார்கள் என்பதையும் எழுதி வரட்டும். அந்தத் தாளோடுதான் துரையிடம் பேசப் போகிறோம். இன்னொன்று, அன்றைக்குத் தேத்தண்ணி சீனி இல்லாமல்தான் வரும். வேண்டியவர்களுக்குத் தனியாகக் கிண்ணத்தில் வைப்போம்.