மெருகேற்றாதீர்: பழைய இராணுவத் துப்பாக்கியும் பதிப்பு நெறியும்

போர்க்களம் கண்டு ஓய்ந்த பழைய இராணுவ ரைபிள்களை விலைக்கு வாங்கி, செப்பனிட்டு, குறிபார்த்துச் சுடுவது அமெரிக்காவில் பல தலைமுறைகளாக நிலவிவரும் பொழுதுபோக்கு. அதில் புதிதாகக் காலடி வைப்போர் பலரும் ஒரே எண்ணத்தோடு வருகின்றனர்: மலிவாக வாங்குவோம், அழுக்கைச் சுரண்டிப் புத்தம்புதிதாக்குவோம், பிறகு சுடுவோம். வாங்குவதோடும் சுடுவதோடும் நமக்குப் பிணக்கில்லை. நடுவில் நிற்கும் அந்தப் 'புதிதாக்கல்' இருக்கிறதே, அதை எதிர்த்தே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

இலக்கியம் பேசும் இடத்தில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. பழைய பொருளொன்று கைக்கு வந்தால் அதைத் திருத்த நமக்கு எவ்வளவு உரிமை உண்டு, திருத்தாமல் விடும் கடமை எவ்வளவு என்பது தமிழ்ப் பதிப்புலகம் நூறாண்டுகளுக்கு மேலாக விவாதித்துவரும் கேள்வி. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். தமக்கு விளங்காத சொல்லை விளங்கும் சொல்லாக மாற்றிவிட்டுப் போவது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் செய்தது ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்ததும் பாடபேதங்களைப் பேணியதும். மறுபக்கம், திருப்பணி என்னும் பெயரால் கோயிற் சுவர்களில் மணலைப் பீய்ச்சியடித்துக் கல்வெட்டெழுத்துகளைத் தேய்த்தெடுத்த கதையும் நமக்குத் தெரியும். இரும்பும் மரமுமான ஒரு ரைபிளின் முன்னே உப்புத்தாளோடு உட்காருகிறவர் இவ்விருவரில் யாருடைய வழியில் செல்கிறார் என்பதே நம் வினா.

முதலில் வாங்கும் கதை. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் பல நாடுகளின் ஆயுதக் கிடங்குகளில் தேங்கியவை அமெரிக்கச் சந்தைக்கு வந்து குவிந்தன. அக்காலத்தில் இதழ் விளம்பரத்தைப் பார்த்துத் தபாலிலேயே ரைபிள் தருவித்துக்கொள்ளலாம். 1963இல் கென்னடியைக் கொன்ற இத்தாலியக் கார்கானோ ரைபிளும் தொலைநோக்கியோடு சேர்த்து 19.95 டாலருக்கு அவ்வாறு தபாலில் வாங்கப்பட்டதே. 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் தபால் வணிகத்தையும் இராணுவ உபரி இறக்குமதியையும் அடைத்தது. 1984இல் வந்த திருத்தம் பழம்பொருள் என்னும் வகைக்கு மட்டும் கதவைத் திறந்துவிட்டது. இன்று 50 ஆண்டு கடந்த துப்பாக்கிகளைச் சேகரிப்போருக்கென்றே அங்கே தனி உரிமம் உண்டு. 3 ஆண்டுக்கு 30 டாலர் கட்டணம். அந்தந்த மாநிலச் சட்டம் இதற்கு மேலும் கட்டுப்பாடு விதிக்கக்கூடும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வயதை மட்டும் காட்டி இந்தச் சலுகையைப் பெற இயலாது. பொருள் தன் மூலவடிவில் இருந்தாக வேண்டும். கட்டையை வெட்டி, குழலைக் குறுக்கி வேட்டைத் துப்பாக்கியாக்கியது பழம்பொருளாகாது என்பதே அமெரிக்க நடுவணரசின் நிலைப்பாடு. மூலத்தின் மதிப்பைச் சட்டம் அறிந்திருக்கிறது. வாங்குகிறவர் அறியாதிருப்பதுதான் வியப்பு.

மலிவே இங்குக் கேடாயிற்று. இருபதாண்டுகளுக்கு முன்பு மோசின்-நாகன்ட் என்னும் ரஷ்ய ரைபிள் 100 டாலருக்கும் குறைவாகக் கிடைத்தது. எளிதில் கிடைப்பதன் மேல் எவருக்கும் அச்சமில்லை. வெட்டினர், துளையிட்டனர், பளபளக்கும் மெருகு பூசினர். அதற்கு முந்தைய தலைமுறை லீ-என்ஃபீல்டுக்கும் மௌசருக்கும் இதையே செய்தது. இன்று விலை பன்மடங்காகிவிட்ட பிறகு, வெட்டுண்ட ரைபிளுக்குப் பழைய கட்டை தேடி அலைகிறார்கள்.

இழந்தது என்ன என்பதைச் சற்றே விரித்துச் சொல்லவேண்டும். இராணுவ ரைபிள் என்பது எழுத்துள்ள பொருள். வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த லீ-என்ஃபீல்டின் பக்கவாட்டில் ஆண்டும் வகையும் பொறிக்கப்பட்டிருக்கும். ஆங்கிலேயர் காலத்ததில் மகுடமும் அரசர் பெயரின் முதலெழுத்துகளும் இருக்கும். குடியரசான பின் செய்ததில் அசோகச் சிங்கம் அமர்ந்திருக்கும். ஓர் அரசு போய் மற்றோர் அரசு வந்த செய்தியை அந்த இரும்பில் விரல் வைத்துத் தடவிப் பார்க்கலாம். பின்லாந்தின் ரைபிள்களோ பழஞ்சுவடியைச் சுரண்டி அதன்மேல் புதிதாய் எழுதியது போன்றவை. ஜார் காலத்து ரஷ்ய உடற்பகுதி மேல் பின்லாந்தியர் தம் குழலையும் கட்டையையும் பொருத்தித் தம் படையின் இரண்டெழுத்து முத்திரையைக் குத்தினர். ஜாரின் ஆயுதம் ரஷ்யாவையே நோக்கித் திரும்பிய வரலாறு அதில் அடங்கியிருக்கிறது.

ஜப்பானிய அரிசாகா ரைபிளின் மேல் 16 இதழ்ச் சாமந்தி பொறிக்கப்பட்டிருக்கும். அது பேரரசரின் சின்னம். 1945இல் சரணடைந்தபோது ஒப்படைத்த ரைபிள்களில் பெரும்பாலானவற்றில் அந்தப் பூவை அராவியோ உளியால் கொத்தியோ அழித்துவிட்டார்கள். பூ அழியாதிருப்பின் போர்க்களத்திலேயே கைப்பற்றியதாக இருக்கலாம். ஆக, அழிந்த பூவும் ஒரு வாக்கியமே: தோற்றோம், ஆயினும் எங்கள் மன்னரின் அடையாளத்தை உங்களிடம் தரமாட்டோம் என்னும் வாக்கியம். இன்று சிலர் அந்தப் பூவை மறுபடியும் செதுக்கி 'மீட்டமைத்தோம்' என்கின்றனர். அவ்வாறே, சோவியத்துகள் கைப்பற்றிய ஜெர்மானிய மௌசர்களில் நசுக்கப்பட்ட கழுகு முத்திரையின்மேல் புதுக்கழுகு குத்துவோரும் உளர். இதற்குத் தமிழில் நமக்குப் பழகிய பெயர் உண்டு. இடைச்செருகல். இதை மீட்பு என்று அழைக்க நாம் ஒருபோதும் உடன்படமாட்டோம்.

நம் அண்டை நாட்டுக் கதை இன்னும் வலியது. காத்மாண்டுவில் லகன் சிலேகானா என்னும் பழைய அரண்மனைக் கிடங்கிலிருந்து 2003இல் அமெரிக்க வணிகர்கள் பல்லாயிரக்கணக்கான துப்பாக்கிகளை வாங்கிச் சென்றனர். ஆங்கிலேயர் கொடுத்தவையும் நேபாளத்துக் கம்மியர் கையாலேயே அடித்துச் செய்த கஹேந்திரா ரைபிள்களும் அவற்றில் இருந்தன. பலவற்றின் மேல் தேவநாகரி எழுத்துகள். நூறாண்டு எண்ணெய்ப்பிசுக்கோடும் தூசியோடும் அவை கடல் கடந்தன. வாங்கியவருக்கு அந்த எழுத்து வெறும் கீறல். சுழலும் கம்பித்தூரிகையின் ஒரே சுற்றில் அது போய்விடும். இரும்பு பளபளக்கும், எந்தப் படைப்பிரிவு, எத்தனையாவது ஆயுதம் என்று சொல்ல இனி எவரும் இரார். படிக்கத் தெரியாத எழுத்தை அழிக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்பதை நாமல்லவா உலகுக்கு உரக்கச் சொல்ல வேண்டும்?

அப்படியானால் தொடவே கூடாதா? தொடலாம், தொடவேண்டிய இடமும் உண்டு. நெடுங்காலச் சேமிப்புக்காகப் பூசிய காஸ்மோலின் என்னும் கெட்டிக் கிரீஸை நீக்குவது ஏட்டின் மேல் படிந்த தூசியைத் தட்டுவது போன்றது. மிதமான வெப்பமும் கரைப்பானும் பொறுமையும் அதற்குப் போதும். கட்டைக்கு உப்புத்தாள் ஆகாது. முத்திரைகள் மரத்தின் மேல்தோலில்தான் இருக்கின்றன. ஆளிவிதை எண்ணெயைக் கையால் தேய்த்தால் போதுமானது. ஓலைக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசிய மரபினருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விரிசலை ஒட்டுங்கள், உடைந்த உறுப்பை மாற்றுங்கள். ஆனால் கழற்றிய உறுப்பை எறியாதீர். சீட்டெழுதிக் கட்டி, எந்நாளில் எதை மாற்றினோம் என்று குறித்து, ரைபிளோடு வையுங்கள். நல்ல பதிப்பாசிரியன் செய்வதும் அதுவே: திருத்துவான், திருத்தியதை மறைக்கமாட்டான்.

உயிர்க்காப்பு என்று வந்தால் நம் வாதம் வழிவிட்டு நிற்கும். தோட்டாவைப் பின்னிருந்து தாங்கும் போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா மேலும் முன்னேறாதபடி அதைத் தடுத்து நிறுத்தும் அறைப்பகுதிக்கும் இடையே உள்ள இடைவெளியை ஹெட்ஸ்பேஸ் என்பர். அது மிகுந்தால் பித்தளைக்கூடு கிழிந்து, சுடுபவரின் முகத்தை நோக்கி வாயு பீறிடக்கூடும். எண்கள் ஒத்திருந்தாலும் ஒவ்வாதிருந்தாலும் இதை அளவுகோலிட்டு, தொழில் தெரிந்த துப்பாக்கிக் கம்மியரிடம் காட்டியபின்னரே சுடவேண்டும். லீ-என்ஃபீல்டின் நான்காம் எண் வகையில் இந்த இடைவெளியைச் சரிசெய்யவே 0 முதல் 3 வரை எண்ணிட்ட போல்ட் தலைகள் செய்தனர். சில ரைபிள்களைச் சுடவே கூடாது. ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலையின் 1903 மாதிரியில் 800,000க்குக் குறைந்த வரிசையெண் உள்ளவற்றின் எஃகு பதப்படுத்தலில் பிழைத்துச் சிதறியதுண்டு. ஜப்பானியப் பள்ளிகளில் பயிற்சிக்கென்று வார்த்த போலித் துப்பாக்கிகள் மெய்த்தோட்டாவைத் தாங்கா. இத்தகையவற்றைச் சுவரில் மாட்டிப் படிப்பதே அறிவுடைமை.

சுடுவதை நாம் ஏன் எதிர்க்கவில்லை என்றால், தோட்டாவும் அந்தப் பனுவலின் ஒரு பகுதியே. பழைய இராணுவத் தோட்டாக்கள் பலவற்றில் பற்றவைக்கும் மருந்து பொட்டாசியம் குளோரேட் கொண்டது. எரிந்தபின் அது குழலில் விட்டுச்செல்வது ஓர் உப்பு. கடற்கரையில் வீடு கட்டியவரைக் கேளுங்கள், உப்பு இரும்பை என்ன செய்யும் என்று சொல்வார். எண்ணெயில் உப்புக் கரையாது. அன்றைக்கே வெந்நீர் விட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, அதன்பின் எண்ணெயிட வேண்டும். பழைய படைவீரனும் கொதிநீர் ஊற்றித்தான் கழுவினான். சுட்ட மாலையில் வெந்நீர் காய்ச்சுபவருக்கு அவன் வாழ்வில் ஒரு நாழிகை புரிகிறது. மெருகேற்றிக் கண்ணாடிப் பேழையில் வைப்பவருக்கு அது புரியாது.

இனி மறுப்புரைகள். 'என் காசு, என் பொருள்' என்பது முதல் வாதம். ஏட்டுச்சுவடியை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டவருக்கும் அது சொந்தப் பொருளே. உடைமை என்பதால் இழப்பு இழப்பல்லாமல் போய்விடவில்லை.

'படைகளே மாற்றியிருக்கின்றனவே, நான் மாற்றினால் என்ன?' என்பது இரண்டாவது. இது கேட்கத்தக்க கேள்வி. 1857க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கென்று ஆங்கிலேயர் புரியில்லாத குழல் கொண்ட துப்பாக்கிகளைச் செய்வித்தனர். புறத்தோற்றத்தில் என்ஃபீல்ட், உள்ளே, குண்டைச் சுழற்றித் தொலைவுக்குச் செலுத்தும் புரிகள் இல்லை. வெள்ளைச் சிப்பாயின் குறி சென்றெட்டும் தூரத்துக்குக் கறுப்புச் சிப்பாயின் குறி எட்டலாகாது என்னும் அரசியல் அந்த வெற்றுக்குழலில் இருக்கிறது. அந்த மாற்றம் ஓர் அச்சத்தின் சான்று. அழகுக்காக இன்று செய்யும் மெருகு எதற்குச் சான்று? மெருகிட்டவரின் ஓய்வுநாளுக்கு மட்டுமே.

'கொலைக்கருவிக்கா இத்தனை பரிவு?' என்பது மூன்றாவது. நம் இலக்கிய நண்பர்கள் எழுப்புவதும் இதுவே. கொலைக்கருவிதான். ஆகவேதான் மெருகு கூடாது என்கிறோம். வியர்வை கறுத்த கட்டையையும் கன்னம் தேய்ந்த தடத்தையும் அழித்துப் பளபளப்பாக்கும்போது கருவியிலிருந்து மனிதன் போய்விடுகிறான். கொன்றவனும் போய்விடுகிறான், செத்தவனும் போய்விடுகிறான். எஞ்சுவது அழகுப்பொருள். போரை அழகாக்குவதைவிடப் போருக்குச் செய்யும் பெருந்துணை வேறில்லை.

நம் நாட்டில் இந்தப் பொழுதுபோக்குக்கு இடமில்லை. .303 தடைசெய்யப்பட்ட அளவு. பொதுமக்களுக்கென்று அரசு ஆலைகள்.315 ரைபிளைச் செய்ததும் அதனாலேயே. அந்தத் தடையை நீக்கக் கோருவது நம் நோக்கமன்று. ஆனால் அந்த .303 நம் வரலாறு. 2008இல் மும்பைத் தாக்குதலின்போது தானியங்கித் துப்பாக்கிகளின் முன்னே நம் காவலர் சிலர் ஏந்தி நின்றது அதைத்தான். உத்தரப் பிரதேசக் காவல்துறை அதற்கு விடைகொடுத்தது 2020 குடியரசு நாள் அணிவகுப்பில். ஓய்வுபெறும் ரைபிள்களில் சிலவேனும், சுட இயலாதவாறு செயலிழக்கச் செய்யப்பட்டு, தம் வழங்கற் பதிவேட்டோடு அருங்காட்சியகங்களுக்கு வரவேண்டும். எந்தக் காவலர் கையில் எந்த ஆண்டு இருந்தது என்னும் அந்தப் பதிவேடே உரை, ரைபிள் மூலம். வருகிறபோது அவற்றின் மேல் வார்னிஷ் பூசாதிருக்கும்படி அதிகாரிகளை இப்போதே கேட்டுக்கொள்கிறோம்.