ஆறு மணி பேட்ச்சுக்கு யார் பொறுப்பு?

சென்னையில் அண்ணா நகர், வேளச்சேரி, ஓ.எம்.ஆர். பக்கமெல்லாம் விடிவதற்குள்ளேயே குழுப் பயிற்சிக் கூடங்கள் திறந்துவிடுகின்றன. பதினைந்து இருபது பேர், ஒரு ட்ரெய்னர், காதைப் பிளக்கும் பாட்டு. தனியாக ஜிம்முக்குப் போய் ட்ரெட்மில்லில் ஓடுவதைவிட இதற்குக் கட்டணம் பெரும்பாலும் கூடுதல்தான். தெரிந்தேதான் சேருகிறார்கள். இரண்டு நாள் வராவிட்டால் ‘என்னக்கா, ஆளையே காணோம்?’ என்று கேட்க ஒருவர் இருக்கிறார். முழங்கால் வலிக்காரரைக் குதிக்கவிடாமல், அவருக்கென்று வேறு பயிற்சி சொல்லித் தருகிறார்.

அந்தக் கவனிப்புக்குத்தான் காசு. ஆனால், கட்டிய பணத்துக்குக் கிடைக்கும் ரசீதில் அதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. பெயர், தொகை, ‘12 மாதம்’, கீழே பொடி எழுத்தில் ‘பணம் திருப்பித் தரப்படாது’.

வருடப் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் இந்த முறை சாதாரண ஜிம்களிலிருந்து வந்தது. அங்கே வராத உறுப்பினரால் செலவு குறைவு. பொருளாதார அறிஞர்கள் ஸ்டெஃபனோ டெல்லாவிக்னாவும் உல்ரிகே மால்மெண்டியரும் அமெரிக்காவில் மூன்று உடற்பயிற்சி மையங்களின் பதிவேடுகளை அலசி, 2006-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதம் 4.3 முறைதான் போயிருந்தார்கள். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. பத்து தடவைக்கான சீட்டு வாங்கியிருந்தால் தடவைக்கு 10 டாலரில் முடிந்திருக்கும். நாளை முதல் ஒழுங்காகப் போவோம் என்ற நம்பிக்கைக்கு மனிதர்கள் கொடுத்த விலை அது. ‘நீங்கள் வராவிட்டால் கேட்போம்’ என்று சொல்லி ஆள் சேர்க்கும் குழுப் பயிற்சிக் கூடமும் அதே கணக்கில் பணம் வாங்குவதுதான் கோளாறு.

ஏனென்றால் இங்கே கெட்டுப்போவது கருவி அல்ல, வகுப்பு. நல்ல ட்ரெய்னர் கூடுதல் சம்பளத்துக்கு வேறிடம் போய்விடுகிறார். ஆள் குறைந்தது என்று ஆறு மணி பேட்ச்சை ஏழு மணியோடு சேர்த்துவிடுகிறார்கள். ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டியவர் என்ன செய்வார்? பதினைந்து பேர் நின்ற தரையில் முப்பது பேர் நின்றால், கெட்டில்பெல் தூக்கும்போது யாருடைய முதுகு வளைகிறது என்பதை ஒரு ட்ரெய்னரால் பார்க்கவே முடியாது. காயம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆப்பில் ஸ்லாட் போட்டுவிட்டு வராத உறுப்பினருக்குத் தண்டனை உண்டு. வகுப்பைக் கூடமே ரத்து செய்தால் வாட்ஸ்அப்பில் ஒரு ‘சாரி’யோடு சரி.

‘இன்னிக்கே கட்டினாத்தான் இந்த ரேட்டு’ என்று சேருவதற்கு முன் நாள் தவறாமல் போன் செய்த வரவேற்பு மேசை, பணத்தைத் திருப்பிக் கேட்டதும் ‘மேனேஜர் வரட்டும் சார்’ என்கிறது. கணக்கு டியூஷனில் பாதி வருடத்தில் வாத்தியாரும் நேரமும் மாறினால் எந்தப் பெற்றோரும் பேசாமல் இருக்க மாட்டார்கள். உடற்பயிற்சி என்றால் மட்டும் ‘நம்ம சோம்பேறித்தனம்’ என்று பழியைத் தங்கள் மேலேயே போட்டுக்கொண்டு விலகிவிடுகிறார்கள்.

கூடம் நடத்துபவர்களின் சிரமமும் உண்மைதான். வாடகை, அட்வான்ஸ், ட்ரெய்னர் சம்பளம் எல்லாவற்றுக்கும் ஜனவரியில் வரும் வருடக் கட்டணத்தை நம்பியிருக்கும் சின்ன உரிமையாளர்கள் உண்டு. அறுவை சிகிச்சை, பிரசவம் என்றால் கேள்வி கேட்காமல் நாட்களை நிறுத்திவைத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கீழே சொல்லும் யோசனையால் நஷ்டம் வராது.

ரசீதில் மூன்று விஷயங்களை எழுதிக் கொடுக்கட்டும்: பேட்ச் நேரம், வகுப்பில் அதிகபட்சம் எத்தனை பேர், ட்ரெய்னரின் தகுதிச் சான்று. இவற்றில் எது மாறினாலும் மீதி மாதங்களின் பணம் திரும்ப வரட்டும். ஜிம் சேவைக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வரியை இறக்கிய அரசு, நியாயமான ரசீதையும் கேட்கலாம்.

சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. குறையுள்ள சேவையை நிறுத்திப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. ரசீதில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். ஆப்பிலும் இணையதளத்திலும் போலி அவசரம் காட்டி விற்பதையும், சந்தாவிலிருந்து விலகவிடாமல் சிக்கவைப்பதையும் 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல்கள் தடை செய்கின்றன. ஒரு குறை மட்டும் உறுத்துகிறது. ஒப்பந்தமே நியாயமற்றது என்று வாதிட வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதாது, மாநில நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். சில ஆயிரம் ரூபாய்க்காகத் தென்காசிக்காரர் தன் மாவட்டத்தைத் தாண்டிப் போய் முறையிட வேண்டும் என்பது சரியல்ல. இதைத் திருத்த வேண்டும்.

சேவைக் குறைபாடு என்ற புகாரை இப்போதே, வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். கூடத்துக்குக் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். பேட்ச் நேரத்தை மாற்றியதாக வாட்ஸ்அப் குழுவில் கூடம் போட்ட தகவலை அழித்துவிட வேண்டாம். புகாரோடு இணைக்க அது உதவும்.