பதில் எழுதாத கடிதம்



இணையம் வீட்டிற்குள் பேச்சைக் குறைத்துவிட்டது என்று நான் பலமுறை பேசியிருக்கிறேன். அச்சொற்களைத் திரும்பப் பெறும் எண்ணம் எனக்கில்லை. ஆயினும், அதே இணையம் எனக்குச் செய்த நன்மை ஒன்றைச் சொல்லாமல் விடுவது நன்றியன்று. அந்நன்மையோடு என் குற்றமும் சேர்ந்தே வெளிவரும் என்பதால், இதனை எழுதச் சற்றே தயங்கினேன்.

1983-ஆம் ஆண்டில் நான் ஒன்பதாம் வகுப்பு மாணவன். என் நண்பனின் வீட்டில் வால்வு ரேடியோ ஒன்று இருந்தது. அவன் தந்தையார், தென்னைக்கும் மாமரத்திற்கும் இடையே செம்புக் கம்பியைக் கட்டி, அதற்கு ஏரியல் அமைத்துத் தந்திருந்தார். மாலையில் பெட்டியை முடுக்கிவிட்டு, அது சூடேறும் வரை பொறுமையின்றிக் காத்திருப்போம். பின்னர் இலங்கையும் இலண்டனும் மாஸ்கோவும் ஒன்றன்பின் ஒன்றாக அக்கூடத்திற்குள் வந்து சேரும். மார்க்கோனி அமைத்துக் கொடுக்க 1931-இல் தொடங்கப்பெற்ற வத்திக்கான் வானொலியையும் அப்பெட்டியில்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

சிற்றலைகள் வானில் மிக உயரத்தில் உள்ள மின்னேற்றம் பெற்ற அடுக்கில் பட்டுத் திரும்பி, கடல் கடந்து வந்து விழுகின்றன. பகலில் கேட்காத நிலையம் இரவில் கேட்கும். நேற்றுக் கேட்டது இன்று மறையும். கிடைத்த நிலையத்திற்கு நாங்கள் அறிக்கை எழுதுவோம். நம் நேரத்தில் ஐந்தரை மணியைக் கழித்துக் கிரீன்விச் நேரத்தைக் குறிப்போம். ஒலியின் வலிமை, பிற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், அலை பரவும் நிலை, மொத்தத் தரம் ஆகிய ஐந்திற்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் இடுவோம். அறிக்கை சரியாயிருந்தால், வாரங்கள் பல கழித்து அந்நிலையத்திலிருந்து வண்ண அட்டை ஒன்று வரும். அதற்குக் 'க்யூ.எஸ்.எல்.' அட்டை என்று பெயர். தந்திக்காரர்களின் குறியீட்டு மொழியில், 'தங்கள் செய்தி கிடைத்தது' என்பதே அதன் பொருள்.

பெட்டி அவனுடையது, கையெழுத்து என்னுடையது. ஆகவே அட்டைகள் இருவருக்கும் பொதுவாக ஓர் ஆல்பத்தில் சேர்ந்தன. 1985-இல் குருமடத்திற்குப் புறப்பட்டபோது, விடுமுறையில் திருப்பித் தருவதாகச் சொல்லி, அந்த ஆல்பத்தை வாங்கி என் வீட்டுப் பரணில் வைத்தேன். விடுமுறைக்கு வந்து பார்த்தபோது, கறையான் அரித்த தூள்தான் எஞ்சியிருந்தது.

அதை அவனிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. ஆல்பத்தைக் கேட்டு அவன் ஒரு கடிதம் எழுதினான். நான் பதில் எழுதவில்லை. சில மாதங்கள் கழித்து இரண்டாவது கடிதம் வந்தது. அதையும் ஆல்பத்தைக் கேட்டுத்தான் எழுதியிருப்பான் என்றெண்ணி, உறையைப் பிரிக்காமலே கிழித்தெறிந்தேன். மூன்றாவது கடிதம் வரவில்லை. அவர்கள் குடும்பம் ஊரைவிட்டே போய்விட்டதாகப் பின்னர் கேள்விப்பட்டேன்.

ஆண்டுகள் ஓடின. 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் 30 அன்று பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு நிறைவுற்ற செய்தியைப் படித்தபோது, அந்தக் கூடம் என் நினைவுக்கு வந்தது. 2023-இல் எங்கள் பங்கின் இளைஞர் ஒருவரிடம் இதைச் சொல்ல, அவர் கணிப்பொறியில் விந்தையொன்றைக் காட்டினார். நெதர்லாந்து நாட்டின் ட்வென்ட்டே பல்கலைக்கழகத்தில் உள்ள சிற்றலை வாங்கி ஒன்று, 2008-ஆம் ஆண்டில் இணையத்தோடு இணைக்கப்பட்டதாம். உலகின் எம்மூலையிலிருந்தும் பலர் ஒரே நேரத்தில், அவரவர் விரும்பிய அலைவரிசையை அதில் திருப்பிக் கேட்கலாம். நானும் திருப்பினேன். அதே இரைச்சல்! கண்களில் நீர் வந்துவிட்டது.

அவ்விளைஞரின் உதவியால், முகநூலில் சிற்றலை நேயர்கள் கூடும் குழு ஒன்றிலும் சேர்ந்தேன். ஓரிரவு அங்கே பழைய வால்வு ரேடியோவின் படமொன்றைக் கண்டேன். இடப்பக்கத் திருகு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நூற்கட்டை பொருத்தப்பட்டிருந்தது. அந்த நூற்கட்டையை என் தாயாரின் தையற்பெட்டியிலிருந்து எடுத்துப்போய்க் கொடுத்தவன் நானே!

அன்றிரவே எழுதினேன். கறையானைப் பற்றியும், கிழித்த கடிதத்தைப் பற்றியும் ஒளிக்காமல் எழுதினேன். மறுநாள் பதில் வந்தது. முதல் வரியில் 'சாமி' என்று மரியாதையாக விளித்திருந்தான். மூன்றாம் வரியில் பழைய 'டேய்' வந்துவிட்டது. பிறகு இப்படி எழுதியிருந்தான்: "இரண்டாவது கடிதத்தில் நான் ஆல்பத்தைக் கேட்கவில்லை. அப்பா இறந்துவிட்டார் என்றுதான் எழுதியிருந்தேன்."

வாசகர்களே, அட்டைக்காக வாரக்கணக்கில் தபால்காரரின் வழியைப் பார்த்தவன் நான். 'தங்கள் செய்தி கிடைத்தது' என்ற ஒரு வரியின் அருமையை அறிந்தவன் நான். தந்தையை இழந்த நண்பனுக்கு அந்த ஒரு வரியை நான் எழுதவில்லை.

மறுவாரமே பேருந்தேறி அவன் ஊருக்குச் சென்றேன். இணையம் முகவரியைத்தான் காட்டும்; மன்னிப்பை நேரில் சென்றுதானே கேட்க வேண்டும்? அவன் மனைவி காப்பி கொடுத்தார். பெட்டி வேலை செய்யவில்லை. ஆயினும் அதன் முன்னேதான் அமர்ந்தோம். "சரி, விடுடா" என்று மட்டும் சொன்னான். மாலையில் அவன் தந்தையாரின் கல்லறைக்கு இருவரும் சென்றோம். இப்போது வாரம் ஒருமுறை, அவன் அங்கும் நான் இங்குமாக ஒரே நிலையத்தைக் கேட்டு, மதிப்பெண்களை ஒப்பிட்டுப் பார்க்கிறோம். அவன் காதுகள் என் காதுகளைவிட இன்றும் கூர்மையானவை.

தபால்தலை, கோலம், மிருதங்கம், பழைய நாணயம் என எத்தனையோ ஆசைகளைப் பிழைப்பின் பொருட்டுப் பரணில் ஏற்றிவிட்டோம். அவற்றை மீண்டும் இறக்கிவைக்க இணையம் நல்ல ஏணியாகும். பெரியோர்களே, பேரப்பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொண்டு தேடுங்கள். அவர்களுக்கும் உங்கள் இளமை தெரியவரட்டும். ஓர் எச்சரிக்கையும் உண்டு. பழைய நண்பரின் பெயரைச் சூடிக்கொண்டு பணம் பறிப்போர் இருக்கின்றனர். குரலைக் கேட்டு, இருவருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றை வினவி உறுதி செய்யாமல், ஒரு காசும் அனுப்பாதீர்கள்.

உங்கள் வீட்டிலும் பதில் எழுதாத கடிதம் ஒன்று இருக்கலாம். நாள் கடந்துவிட்டதே என்று நாணாதீர்கள். 'கிடைத்தது' என்று ஒரு வரி எழுதுங்கள்.